படமும் போட மாட்டேன், பெயரும் சொல்ல மாட்டேன்

அக்கா போய்விட்டார். இன்று காலை ஆஸ்திரேலியாவிலிருந்து அவருடைய தங்கை போன் பண்ணிச் சொன்னாள்…

கூடவே ஒன்று கேட்டுக்கொண்டாள். கொஞ்சக் காலத்துக்கு அக்காவின் பெயரைச் சொல்லக் கூடாது, படத்தை யாருக்கும் காட்டக் கூடாது. அவர்களுடைய பழங்குடிச் சனம் துக்கம் காப்பது அப்படித்தான்.

எங்களோடு வேலை செய்த ரூபன் அண்ணைக்கு நான் பதற்றத்தில் செய்தியை மட்டும் சொன்னேன். அரை மணித்தியாலத்தில் பேஸ்புக்கில் கண்ணீர் அஞ்சலி… முழுப்பெயர், சிரித்த படம், குத்துவிளக்கு, மூலையில் ஒரு கங்காரு.

"அண்ணை, அதை எடுங்கோ."

"படம் இல்லாமல் அஞ்சலியோ தங்கச்சி? சனம் ஆரெண்டு கேக்காதோ?"

"கேக்கட்டும்."

நாங்கள் மூவரும் வேலை செய்தது லண்டன் வெஸ்ட் எண்டில் ஒரு ஓவியக் கடையில். ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியங்களின் பிரிண்டுகள் விற்றோம். நான் காசு வாங்கும் டில்லில், அக்கா படங்களைக் காட்டுகிற வேலையில், ரூபன் அண்ணை வாசலில் செக்யூரிட்டி.

ஒரு சனிக்கிழமை மனேஜர் சின்ன அட்டைகள் அடித்துக்கொண்டு வந்து படங்களுக்குக் கீழே ஒட்டினார். கங்காரு என்றால் வலிமை, ஈமு என்றால் வேகம், உடும்பு என்றால் பொறுமை…

அவர் அங்கால் போனதும் அக்கா அத்தனையையும் கிழித்துக் குப்பையில் போட்டார். அவர் பேசியது இங்கிலீஷ்தான், எனக்கு ஞாபகம் இருப்பது நம் பேச்சில்.

"உடும்பு எங்கட சொந்தக்காரன். ஆதியிலை எங்கட நிலத்திலை நடந்து தண்ணிக்கிடங்கு உண்டாக்கினது. பொறுமையாம்…"

அப்போ ஈமு? என்று கேட்டேன்.

"அது வேறை சனத்தின்ரை கதை. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை."

பிடித்தால் பிடித்ததுதான். இதை நாங்கள் உடும்புப்பிடி என்போம் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் ஞாயிறு, என்னோடு மனோர் பார்க் முருகன் கோயிலுக்கு வந்தார். மயில் வாகனத்துக்கு முன்னால் நின்று, "இதுக்கு ஒரு சொல்லிலை அர்த்தம் சொல்லு பாப்பம்" என்றார்.

சூரன், மாமரம், வேல், மரம் பிளந்து ஒரு பாதி மயிலானது, மறுபாதி சேவலானது… பிரசாதம் கொடுத்து முடித்துவிட்டார்கள், நான் முடிக்கவில்லை. அக்கா என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

திங்கட்கிழமை மனேஜர் புது அட்டைகளை என் கையில் தந்தார். என் விசாவுக்கு அவருடைய கடிதம் தேவைப்பட்டது.

ஒட்டினேன். எல்லாம் விளங்கிய பிறகும் ஒட்டினேன். அக்கா பார்த்துக்கொண்டு நின்றார்.

செவ்வாய்க்கிழமை அவற்றையும் கிழித்தார். "ஆர் செய்தது?" என்று மனேஜர் கத்த, "நான்தான்" என்று முன்னால் போய் நின்றார். அன்றோடு அவருடைய வேலை போனது, நான் டில்லைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

வெட்கமாக இருக்கிறது. இத்தனை வருஷமாக இருக்கிறது.

ரூபன் அண்ணை முணுமுணுத்துக்கொண்டு படத்தை எடுத்துவிட்டார். என் இன்பாக்ஸில் "படம் எங்கே, பெயர் என்ன" என்று கேட்கிறவர்களுக்கு… அவற்றை நான் மறந்துபோய் விட்டுவிடவில்லை. கோபித்தால் கோபியுங்கள், நட்பிலிருந்து நீக்கினாலும் பரவாயில்லை. கமெண்டில் யாராவது போட்டால் அழிப்பேன், திரும்பப் போட்டால் திரும்ப அழிப்பேன்.

அக்கா… அந்த அட்டைகளை ஒட்டின கை இது. இனி ஒட்டாது.

போயிட்டு வாங்கோ.