நான் வைத்த சாம்பார்

கோட்டூர்புரத்தில் நாங்கள் மூன்று பேர் ஒரு வீட்டில் இருந்தோம். மூவருக்கும் தரமணியில் வேலை, வேறு வேறு ஆபீஸ். ஒருவன் கும்பகோணத்துக்காரன். இன்னொருவன் வியாசர்பாடிக்காரன், அக்கா, மச்சான், குழந்தைகள் என்று வீடு நிறைந்துவிட்டதால் சொந்த ஊரிலேயே வாடகைக்கு வந்தவன். நான் திருச்சி. சமைக்கத் தெரிந்தது கும்பகோணத்துக்காரனுக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் சின்ன வெங்காயம் போட்டு சாம்பார் வைப்பான், உருளைக்கிழங்கு வறுப்பான். நாங்கள் இருவரும் தட்டோடு உட்கார்ந்துவிடுவோம். வெங்காயம் உரித்துக் கொடுத்ததுகூட எப்போதாவதுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவன் அம்மா இறந்துபோனார். மாரடைப்பு. ஆபீஸ் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தவனுக்கு போன் வந்தது. ஒரு காலில் ஷூவோடு அப்படியே தரையில் உட்கார்ந்தான். நான்தான் அவனை பைக்கில் கிளாம்பாக்கம் வரை கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டேன். வழி முழுக்க எனக்கு ஒரு வார்த்தை பேச வரவில்லை. அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஞாயிறு மதியம் வருவதாகச் சொன்னான். அன்று நானே சமைப்பது என்று முடிவு செய்தேன்.

"நீயா?" என்றான் வியாசர்பாடிக்காரன். "உனக்கு டீயே ஒழுங்கா வராது நைனா. மெஸ்ல வாங்கிக்கினு வந்துடலாம்."

"அன்னைக்கு அவன் மெஸ் சாப்பாடு சாப்பிடக் கூடாதுடா. வீட்டுச் சாப்பாடு சாப்பிடணும்."

சொன்னது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. முதல் வாய் சோற்றை எடுத்ததும் அவன் கண் கலங்குவான், "நீயாடா பண்ணே?" என்று கேட்பான். சனிக்கிழமை இரவெல்லாம் இதையே திரும்பத் திரும்ப மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். துக்கத்தில் வருகிறவனிடமிருந்து எனக்கு ஒரு பாராட்டு வேண்டியிருந்தது.

காலையில் போனில் வீடியோவை ஓடவிட்டு ஆரம்பித்தேன். குக்கரில் பருப்பு ஏறியது. மேல் தட்டில் ஒரு பழைய ஊறுகாய் பாட்டில் இருந்தது. பாதிக்கும் குறைவாகக் குழம்புப் பொடி. அவன் எப்போதும் அதைத்தான் போடுவான். சூடான எண்ணெயில் பொடியைக் கொட்டி வதக்கத் தொடங்கினேன். அதற்குள் ஆபீஸிலிருந்து போன். இரண்டு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டேன். திரும்பினால் சட்டி முழுக்கக் கருப்பு. இருமல் வந்து ஜன்னலைத் திறந்தேன். அப்படியே புளித்தண்ணீரை ஊற்றி, ஏதாவது தேறுமா என்று நக்கிப் பார்த்தேன். கசப்பு. எல்லாவற்றையும் சிங்க்கில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

தயிர் வாங்கப் போயிருந்த வியாசர்பாடிக்காரன் உள்ளே வந்ததும் மூக்கைச் சுருக்கினான். "இன்னாடா கருகின வாசனை?"

"அப்பளம்," என்றேன்.

மறுபடி வைத்தேன். பாட்டிலைத் தட்டித் தட்டி, ஒட்டியிருந்ததைக் கரண்டியால் சுரண்டி, இருந்த பொடி அத்தனையும் போட்டேன். இந்தமுறை கருகவில்லை. பதற்றத்தில் உப்பை இரண்டு தடவை போட்டிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அடுப்படியைத் துடைத்தேன். பாட்டிலை சோப்புப் போட்டுக் கழுவி ஜன்னல் ஓரம் கவிழ்த்து வைத்தேன். சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று அவன் கவனிக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

ஒரு மணி சுமாருக்கு வந்தான். தலையை மழித்திருந்ததில் முகம் சின்னதாகத் தெரிந்தது. கால் கழுவிவிட்டுத் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனான். நான் பின்னாலேயே போனேன். ஜன்னலைப் பார்த்தபடி நின்றான்.

"அந்த பாட்டில்..."

"கழுவி வெச்சிட்டேன்டா. எவ்ளோ பிசுக்கு தெரியுமா?"

"உள்ள இருந்தது?"

"சாம்பார்ல போட்டுட்டேன். கரெக்டா தீந்துபோச்சு."

பாட்டிலை எடுத்து மூக்கருகே கொண்டுபோனான். சோப்பு வாசனைதான் வந்திருக்கும். எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கவிழ்த்து வைத்தான்.

"அம்மா அரைச்சுக் குடுத்தது," என்றான். "வீட்ல டப்பா காலிடா. வந்த சொந்தக்காரங்களுக்கு சமைச்சதுலயே தீந்துபோச்சு. இங்க கொஞ்சம் இருக்கேன்னு நெனச்சுக்கிட்டே வந்தேன்."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். "சாரிடா, தெரியாது" என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று இப்போது நிச்சயமாக ஞாபகம் இல்லை. வியாசர்பாடிக்காரன் என்னையே பார்த்தான். பிறகு தட்டுகளை எடுத்து வைத்தான்.

சாப்பிட உட்கார்ந்தோம். முதல் வாயிலேயே எனக்கு உப்புக் கரித்தது.

"மச்சி, உப்பு கொஞ்சம் தூக்கலா கீது," என்றான் வியாசர்பாடிக்காரன் மெதுவாக.

"பரவால்ல, தயிர் இருக்குல்ல," என்றான் அவன்.

நிதானமாகச் சாப்பிட்டான். ஒவ்வொரு வாயையும் வெகுநேரம் மென்றான். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டான். அவன் என் சாம்பாரைச் சாப்பிடவில்லை, அதற்குள் எங்கேயோ இருந்த வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தான். அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும், "எப்படிடா இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டேன். இதை எழுதும்போது கூசுகிறது. ஆனால் கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். நான் வருத்தப்படுவதாக நினைத்திருக்க வேண்டும். எனக்கு ஆறுதல் சொல்வதுபோல, "விடுடா. வீணாவா போச்சு? நாம மூணு பேரும்தானே சாப்பிட்டோம்," என்றான்.

பாதி சிங்க்கில் போயிருந்தது. நான் கரண்டியை எடுத்து அவனுக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

சில வாரங்கள் கழித்து அவன் மறுபடி சமைக்கத் தொடங்கினான், கடைப் பொடியில். யாரும் ருசியைப் பற்றிப் பேசவில்லை. மறு வருஷம் அவனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. வீட்டைக் காலி செய்தோம்.

அவன் போய் ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள், போனில் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது, சொல்லிவிட்டேன். முதல் தடவை கருக்கியது, சிங்க்கில் கொட்டியது, அப்பளம் என்று பொய் சொன்னது எல்லாம். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"இத ஏன்டா இப்ப சொல்ற?"

"சொல்லணும்னு தோணுச்சுடா. உறுத்திக்கிட்டே இருந்துச்சு."

"உனக்கு உறுத்துனதுக்கு எங்கிட்ட சொல்லிட்ட. சரி. நான் என்ன பண்ணணும் இப்ப?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன். "மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிட்டான். அன்றும் நான் அவனிடமிருந்து ஏதோ வாங்கத்தான் போயிருந்தேன் என்பது, போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது.

பத்து நாள் அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பிறகு கூப்பிட்டான். அடையாறில் எங்களுக்குத் தெரிந்த பைக் மெக்கானிக்கின் நம்பர் வேண்டுமாம், சென்னைக்கு வரும் அவன் தம்பிக்காக. குரல் சாதாரணமாக இருந்தது. நம்பரைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கோபம் போய்விட்டது என்று அவன் வாயால் கேட்க வேண்டியிருந்தது. மெக்கானிக் கடை மாறியது, ஆற்றுப் பாலத்தில் டிராஃபிக், வியாசர்பாடிக்காரனின் அக்கா பையன் பள்ளிக்கூடம் சேர்ந்தது என்று அரைமணி நேரம் விடாமல் பேசினேன். அவன் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தான்.