ஆவணி பிறக்கும்வரை பொறுக்குமா?

ஆடி 27, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3.10
பதிவு எண் 14

ஒடுகத்தூரிலிருந்து மலையேறும் பேருந்தில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணியும் அவருடைய மாமியாரும் என் அருகே அமர்ந்திருந்தனர். அப்பெண்ணின் பாதங்கள் வீங்கிச் செருப்புக்குள் அடங்கவில்லை.

ஆசுபத்திரியில் இன்றே தங்கச் சொன்னார்களாம்.

"ஆடில நல்ல காரியம் எதுவும் ஆரம்பிக்க மாட்டோங்க. ஆவணி பொறக்கட்டும், வர்றோம்" என்றார் மாமியார்.

ஆவணி ஞாயிற்றுக்கிழமைதான் பிறக்கிறது, அதுவரை வீக்கம் காத்திராது என்றேன்.

"இன்னாங்க பெரியவரே, நீங்க எத்தினி பெத்தீங்க?"

பேருந்தில் சிரிப்பு எழுந்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

"அத்த, தல ரொம்ப வலிக்குது. கண்ணு முன்னால பூச்சியா பறக்குது."

"வெயிலு. வூட்டுக்குப் போய்ட்டு படுத்தா சரியாப்பூடும்."

இருவரும் இறங்கி ஒற்றையடிப் பாதையில் நடந்தனர். அவ்விடத்தில் சிக்னல் இல்லை. கிடைத்த இடத்திலிருந்து ஆம்புலன்ஸை அழைத்தேன். பெயரும் ஊரும் கேட்டார்கள். இரண்டையும் நான் அறியேன். அப்பாதையில் மூன்று ஊர்கள் உள்ளன.

அப்பகுதிச் செவிலியரை அறிந்தவர்கள் உடனே எழுதவும். ஆடி மாதத்தின் அருமையை எனக்கு விளக்க விரும்புவோர் பிறகு எழுதலாம்.

இணைப்பு: அவர்கள் இறங்கிய நிறுத்தத்தின் படம் ஒன்று.