நெஞ்சைப் பாரு

நான் விலங்கியல் படித்தவள். பேய் உண்டா என்று கேட்டால், இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் இது நடந்தது. தூக்கக் கலக்கம் என்பீர்கள். நானும் பல மாதம் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஆய்வகப் பயிற்சிக்காக ஒரு சிறிய மருத்துவமனையில் சேர்ந்திருந்தேன். ஆள் பற்றாக்குறை. அதனால் ரத்தப் பரிசோதனையோடு, மூச்சு நின்றவருக்கு ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்று கொடுக்கவும் பழக்கினார்கள். கற்றுக்கொடுத்த சிஸ்டருக்கு நான் வாய் திறக்காததில் தனிக் கேலி.

“ஏய் ஊமைக்கோட்டான், முகத்தைப் பாக்காத. முகம் ஏமாத்தும். நெஞ்சைப் பாரு. ஏறுதா, இறங்குதா... அவ்வளவுதான்.”

அன்று இரவு ஒரு மெக்கானிக்கைக் கொண்டுவந்தார்கள். தரையில் தூங்கியவரைப் பாம்பு கடித்திருந்தது. கூட வந்தது அவருடைய அண்ணன் மட்டும். இருந்த ஒரே மூச்சுக் கருவி வேறொருவருக்கு ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் தொண்டையில் குழாய் செருகி, பையை என் கையில் கொடுத்தார்.

அதற்கு முன்பே கடிபட்டவரின் ரத்தத்தைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து, ஆட்டாமல் வைத்திருந்தேன். இருபது நிமிடம் கழித்து சிஸ்டர் அதைச் சாய்த்தார். ஒழுகவில்லை.

“உறைஞ்சிருக்கு. ரத்தம் கெடலை. விஷம் தசையைத்தான் கட்டிப்போட்டிருக்கு. மூச்சு மட்டும் கொடுத்துட்டே இருந்தா பொழைச்சுக்குவான். அவனுக்குக் காது கேக்கும், ஏதாவது பேசு.”

போயும் போயும் என்னைப் பேசச் சொன்னார்.

டாக்டரும் சிஸ்டரும் பக்கத்து அறைக்கு ஒரு பிரசவத்துக்கு ஓடினார்கள். அண்ணன் மருந்து வாங்கப் போனார். நானும் பையும்தான். புஸ்... புஸ்...

மணி மூன்று இருக்கும். விரல்கள் மரத்துப்போயின.

“கொடும்மா. நான் பிடிக்கிறேன்.”

ஒரு பெண். நைட்டி, வெறுங்கால்.

“நீங்க...?”

“அவரு வீட்டுக்காரி.”

சொந்தக்காரர்கள் மாறி மாறிப் பை அழுத்துவது அங்கே வழக்கம். கொடுத்தேன். நெஞ்சு ஏறியது. இறங்கியது. என்னைவிடச் சீராக. குனிந்து அவர் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஏதோ உறுத்தியது.

சத்தம்... புஸ் என்ற சத்தம் இல்லை.

பையைப் பார்த்தேன். அவள் விரல்கள் அதை அழுத்தவில்லை. சும்மா தொட்டிருந்தன.

ஆனால் அவர் நெஞ்சு ஏறியது... இறங்கியது...

பழக்க தோஷம். அவள் நெஞ்சைப் பார்த்தேன்.

ஏறவில்லை.

இறங்கவும் இல்லை.

கதவு கிறீச்சிட்டது. திரும்பினேன். அண்ணன், மருந்துப் பொட்டலத்தோடு.

பை என் கையில் இருந்தது.

புஸ்...

“இப்ப... இவரு வீட்டுக்காரி...”

அவர் பதறிப்போய் உதட்டில் விரல் வைத்தார். என் காதருகே கிசுகிசுத்தார்.

“அவனுக்குத் தெரியக் கூடாதும்மா. அவளையும் கடிச்சிருக்கு. எழுப்பினோம்... கட்டையா கிடந்தா. இன்னும் வீட்லதான் கெடக்கா.”

விடியும் வரை அழுத்தினேன். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மதியம் அவர் விரல் அசைந்தது. மறுநாள் தானாக மூச்சு விட்டார். குழாயை எடுத்தார்கள். ரத்தம், உப்பு, சிறுநீரகம்... நானே பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

மூன்றாம் நாள் பகல். உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவருக்கு மூச்சு நின்றது.

ஓடினேன். மறுபடி பை. புஸ்... புஸ்...

நெஞ்சு ஏறவில்லை.

டாக்டர் அழுத்தினார். ஏறவில்லை. பை கிழியவில்லை. தொண்டையில் அடைப்பு இல்லை. காற்று எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

மனைவி இறந்ததை அதுவரை அவருக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை.

சாயங்காலம் சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

“காலையில கேட்டான்டி... ‘அன்னிக்கு ராத்திரி என் பொண்டாட்டி வந்தாளே, எங்க?’ன்னு. காதுல ஒண்ணையே சொல்லிட்டிருந்தாளாம்.”

“என்ன...?”

“‘இது என் மூச்சுங்க. கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. தீந்ததும் வந்துருங்க.’”