பால்கோவாவுக்குப் பேரம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயில் ஏறும் அந்தத் திருநங்கைக்கு நெடிய உருவம், தலை நிறையக் கனகாம்பரம், தோளில் பால்கோவாப் பை. பையை யாரும் பார்ப்பதில்லை. அவரைக் கண்டதுமே பத்து ரூபாயை நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

"சும்மா வேண்டாம்ணே. பால்கோவா வாங்கிட்டுக் குடுங்க" என்பார். காசு சட்டைப்பைக்கே திரும்பிவிடும். பெரும்பாலும் பை குறையாமலேதான் இராஜபாளையத்தில் இறங்குவார்.

அன்றைக்கு மில் வேலைக்குப் போகும் ஓர் அம்மா பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"ஏட்டி, இம்புட்டுக்கா அம்பது ரூவா? நாப்பதுக்குத் தா."

"கட்டாதுக்கா. பால் என்ன விலை விக்கிது?"

"அப்ப நீயே வச்சுத் தின்னு."

"திங்கச் சொல்லிட்டு, பொட்டலத்த விட மாட்டேங்கிறியளே."

இராஜபாளையம் வரும்வரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் நாற்பதுக்கே கொடுத்துவிட்டு, இறங்கும்போது எதிர் இருக்கையில் இருந்த என்னிடம் முகம் மலரக் குனிந்து சொன்னார்:

"பாத்தியளாண்ணே, எங்கிட்டப் பேரம் பேசுதாக."