பெங்களூரில் போட்ட மனு

புதன்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, ஓசூர் கோர்ட்டில் எங்கள் வக்கீல் சங்க நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் பத்துப் பன்னிரண்டு டிபன் பாக்ஸ்கள் ஒரே நேரத்தில் திறக்கும். புளிச்சோறு, களி, தக்காளித் தொக்கு, பனிக்காலம் என்றால் பிதுக்கம்பருப்புக் குழம்பு. எல்லா வாசனையும் பழைய சட்டப் புத்தகங்களின் தூசி வாசனையோடு கலந்து ஒரு மயக்கம் கொடுக்கும். ஜன்னலுக்கு வெளியே தைல மரங்கள் அசையும். தூரத்தில் ஏதோ ஒரு கம்பெனியின் சங்கு ஊதும். யாராவது ஒருவர் நின்றுகொண்டு பேசுவார், மற்றவர்கள் மென்றுகொண்டே கேட்போம். பாதி கேட்பது, பாதி கனவு. எனக்குத் தெரிந்த சட்டத்தில் பெரும்பகுதி இப்படி அரைத்தூக்கத்தில் உள்ளே போனதுதான்.

இந்த அறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் மத்திய அரசின் தொழில் தீர்ப்பாயத்தில் வழக்கு நடத்துகிறவர்கள். பேங்க், இன்சூரன்ஸ், கல்குவாரி மாதிரி இடங்களில் வேலை போனவர்களுக்கு உள்ளூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் இடமில்லை. இந்தத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். அது சென்னையில் ஒன்று, பெங்களூரில் ஒன்று என்று இருக்கிறது. அதன் நெளிவு சுளிவுகளைக் கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் எங்களுக்குள் நாங்களே சொல்லிக்கொள்ள ஆரம்பித்ததுதான் இந்தச் சாப்பாட்டு வகுப்பு. நடத்துவது குவாரித் தொழிலாளர்களுக்காகவே வாதாடும் ஒரு வக்கீலம்மா. குவாரி அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

தோற்ற வழக்கைத்தான் பேச வேண்டும் என்பது அக்கா வைத்த சட்டம். ஜெயித்த கதை கேட்டால் சோறு இறங்காது என்பார். பேசி முடிக்கும்வரை பேசுகிறவர் பாக்ஸைத் திறக்கக் கூடாது, அதனால் எல்லோரும் சுருக்கமாகவே பேசுவார்கள். இன்னொரு சட்டமும் உண்டு. தொழிலாளி பக்கம் நிற்பவர், நிர்வாகத்தின் பக்கம் நிற்பவர் என்று இரண்டு தரப்பு வக்கீல்களும் ஒரே ஊறுகாய் பாட்டிலில் கை விடுகிற இடம் அது. ஆகவே அங்கே காதில் விழுந்ததை யாரும் கோர்ட்டில் எடுத்துப் பேசக் கூடாது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதைவிட மோசம், வாய். என் முறை வந்த புதன்கிழமை நான் எதையும் தயார் செய்யவில்லை. தோற்ற வழக்குக்கு எனக்கொன்றும் பஞ்சமில்லை, ஆனால் முந்தின நாள்தான் பெங்களூர் போய் வந்திருந்தேன், தலை முழுக்க அந்த வழக்குதான். பேரைச் சொல்லாமல் சொன்னால் என்ன என்று, நடந்துகொண்டிருக்கிற வழக்கையே பேச ஆரம்பித்துவிட்டேன்.

வழக்கு இதுதான். வேப்பனப்பள்ளி தாண்டி ஒரு சின்ன ஊரில் பேங்க் கிளை. அங்கே ஒரு அம்மா பதினோரு வருடம் பெருக்கித் துடைத்து, தண்ணீர் பிடித்து வைத்து, மேனேஜருக்கு டீ வாங்கிக்கொடுத்து வேலை பார்த்தாள். ஒரு நாள் பெங்களூரில் இருக்கும் மண்டல அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று. அவளுக்கு வேறு வருமானம் கிடையாது. அறுபது வயது வரைக்கும் அந்த வேலை இருந்திருக்கும். என்னிடம் வந்தபோது அவளுக்கு ஐம்பத்து நான்கு. சமாதானப் பேச்சு என்று ஒன்றே முக்கால் வருடம் பேங்க் இழுத்தடித்தது. அதற்குப் பிறகு நான் பெங்களூர் தீர்ப்பாயத்தில் மனு போட்டு ஒரு வருடம் ஓடியிருந்தது.

"அந்தம்மா வேல பாத்தது தமிழ்நாட்டுல. பெங்களூர்ல எப்படிப் போட்ட?" என்று குவாரி அக்கா கேட்டார். வாயில் களி இருந்தது.

"ஆர்டர் பெங்களூர்ல இருந்துதானே வந்துச்சு."

"வந்துச்சு. வேல எங்க போச்சு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலை பார்த்த இடம் எந்த மாநிலமோ அந்தத் தீர்ப்பாயம்தான் விசாரிக்க வேண்டும். அது சென்னை. முதல் வருட ஜூனியருக்குத் தெரிந்த விஷயம்.

எப்படித் தவறவிட்டேன் என்று சொன்னால் வெளியூர் வக்கீல்கள் சிரிப்பார்கள். நான் வேப்பனப்பள்ளிப் பக்கத்துக்காரி. எங்கள் மாந்தோப்பைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஆந்திரா, இந்தப் பக்கம் போனால் கர்நாடகா. வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். எல்லை என்று ஒன்று இருப்பதே செல்போனுக்கு வரும் வரவேற்பு மெசேஜைப் பார்த்தால்தான் நினைவு வரும். ஓசூரில் பஸ் ஏறிக் கண்ணை மூடினால் அத்திப்பள்ளி, திறந்தால் பெங்களூர். சென்னைக்கு அரை நாள் போக வேண்டும். பக்கத்தில் இருக்கிறதே என்று பெங்களூரில் போட்டேன். எல்லைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

என்னை அதிர வைத்தது தப்பு மட்டுமில்லை. மூலை நாற்காலியில் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அதே வழக்கில் பேங்கின் வக்கீல். திருநெல்வேலிக்காரர். அப்பா இங்கே தொழிற்சாலை வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். ஒரு வருடமாக அவர் கண்ணிலும் இது படவில்லை. நானே தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பாக்ஸ் கழுவும் குழாயடியில் குவாரி அக்கா எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். "சாப்பாட்டு ரூம்ல கேட்டது சாப்பாட்டு ரூமோட." திருநெல்வேலிக்காரர் தலையாட்டினார் என்று அப்போது சத்தியம் செய்திருப்பேன். இப்போது யோசித்தால், அவர் பாக்ஸை உதறிக்கொண்டிருந்தார் என்றுதான் தோன்றுகிறது.

அடுத்த நாளே மனுவை நான் திரும்பப் பெற்றிருக்க வேண்டும். செய்யவில்லை. மறுபடி சென்னையில் முதலிலிருந்து ஆரம்பித்தால் அவளுக்கு இன்னும் ஒரு வருடம் போகும். எதிர்த் தரப்பு வாயைத் திறக்காவிட்டால் பெங்களூரிலேயே முடிந்துவிடும், யார் கேட்கப் போகிறார்கள் என்று கணக்குப் போட்டேன். அந்த இரண்டு வாரமும் தூக்கத்திலேயே நடந்த மாதிரி இருக்கிறது. ஓசூர் சிக்னலில் நின்றாலும் சரி, கோர்ட்டில் கூப்பிடும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் சரி, கண்ணெதிரே அவள் ஈரத் துணியால் பேங்க் தரையைத் துடைத்துக்கொண்டே பின்னால் பின்னால் போய்க்கொண்டிருப்பாள். வாசல் வராது.

அடுத்த வாய்தாவில் வழக்கைக் கூப்பிட்டதும் திருநெல்வேலிக்காரர் எழுந்தார். "இந்தத் தீர்ப்பாயத்துக்கு இதை விசாரிக்க அதிகாரம் இல்லை" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உரிய இடத்தில் தாக்கல் செய்யச் சொல்லி மனு என் கைக்கே திரும்பி வந்தது.

பக்கத்தில் நின்ற என் கட்சிக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா மேடம் ஆச்சு? தோத்துட்டமா?" என்றாள்.

"இல்லம்மா. சென்னையில போடச் சொல்றாங்க. அந்த வக்கீல் குறுக்க விழுந்துட்டார்."

அப்படித்தான் சொன்னேன். அவள் வராந்தாவின் கடைசியில் நடந்து போய்க்கொண்டிருந்த அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். "படுபாவி" என்றாள்.

அந்தப் புதன்கிழமை நான் சோறு கட்டிக்கொண்டு போகவில்லை. கோபத்தைக் கட்டிக்கொண்டு போனேன். "இந்த ரூம்ல நம்பிப் பேசினதுக்கு எனக்குக் கெடைச்ச மரியாதை இது. ஒண்ணு அவர் இருக்கட்டும், இல்ல நான் இருக்கறேன்" என்று சத்தம் போட்டேன். சோற்றில் வைத்த கை சோற்றிலேயே இருந்தது. கடைசியில் குவாரி அக்கா அவரைப் பார்த்து, "நீங்க செஞ்சது மொறை இல்லீங்க சார்" என்றார்.

"சரிதான்க்கா. மொறை இல்லைதான்." பாதிச் சாப்பாட்டில் பாக்ஸை மூடினார். "நான் மீறுனது மீறுனதுதான். இனிமே வரலை." நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டுப் போனார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

மறுநாள் காலை சென்னை மனுவை அடிக்க உட்கார்ந்தேன். வேலை நீக்கம் செய்த தேதி என்ற இடம் வந்தது. தேதியை அடித்தேன். கை நின்றுவிட்டது. வேலை போன நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் மனு போட வேண்டும் என்பது சட்டம். பெங்களூரில் போட்டபோது கெடுவைத் தாண்டிவிட்டோம் என்று நிம்மதியாக மறந்திருந்தேன். அந்த மனுதான் இப்போது செல்லாதே. சுவரில் தொங்கிய காலண்டரில் விரல் வைத்து எண்ணினேன். பதினேழு நாள் பாக்கி இருந்தது.

பெங்களூரில் அன்று யாரும் எதுவும் சொல்லாமல் இருந்திருந்தால் அடுத்த வாய்தா இரண்டு மாதம் கழித்து. அப்போது எழுந்து இதே வார்த்தையைச் சொல்லியிருந்தால், கெடுவும் போய், நான் சென்னையில் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்திருக்கும். பேங்க் வக்கீலுக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. அவர் தேதி பார்க்காத ஆளில்லை. ஃபைல் ஓரத்தில் பென்சிலால் தேதி குறிக்கிற ஆள்.

சென்னைக்குப் பகல் ரயிலில் போனோம். அவள் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே வந்தாள். மடியில் கல்தூசி படிந்த ஒரு பை. வேலை போனதிலிருந்து குவாரியில் சல்லி அள்ளப் போய்க்கொண்டிருந்தாள். ஜோலார்பேட்டை தாண்டி வெயில் உள்ளே வந்தது, அவள் கை விரல்களில் விழுந்தது, நகமெல்லாம் வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. அவளை எழுப்பி உண்மையைச் சொல்ல வேண்டும் என்று காட்பாடி வரைக்கும் நினைத்தேன், அரக்கோணம் வரைக்கும் நினைத்தேன். மனு கெடுவுக்குள் பதிவாகிவிட்டது. திரும்பி வரும்போதும் நான் சொல்லவில்லை.

அந்த வாரமே திருநெல்வேலிக்காரரைக் கோர்ட்டுக்கு எதிர் டீக்கடையில் பிடித்தேன். "தேதி தெரிஞ்சுதான் அன்னிக்கே எழுந்தீங்களா சார்?"

"நான் பேங்க் வக்கீல்மா. ஆட்சேபணை இருந்துச்சு, எடுத்தேன்."

"ரெண்டு மாசம் விட்டு எடுத்திருந்தா வழக்கே முடிஞ்சிருக்கும்."

"அப்படியா? அது எனக்குத் தோணலையே." கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். "டீ ஆறுது, குடிங்க." அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. வகுப்புக்குத் திரும்பி வரச் சொல்லி நானும் அக்காவும் கேட்டுப் பார்த்தோம். வரமாட்டேன் என்றார். வேப்பமரத்தடியில் காரை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தனியாகச் சாப்பிட்டார்.

சென்னையில் ஒன்றரை வருடம் நடந்தது. அவர் எங்களுக்கு எதையும் விட்டுக்கொடுக்கவே இல்லை. என் கட்சிக்காரியைக் குறுக்கு விசாரணையில் ஒரு மணி நேரம் நிற்கவைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது. வேலை திரும்பக் கிடைத்தது, விட்டுப்போன வருடங்களுக்குச் சம்பளம் கிடையாது. அப்போது அவளுக்கு ஐம்பத்தெட்டரை வயது.

உத்தரவின் நகலை வாங்க ஓசூரில் மாடியிலிருக்கும் என் அலுவலகத்துக்கு வந்தாள். தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். காகிதத்தை இரண்டு தடவை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள்.

"அந்த ஆளு பெங்களூர்லயே குறுக்க வுழலன்னா எனக்குப் போன வருசமே கெடச்சிருக்கும், இல்ல மேடம்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதோடு முடிந்திருக்கும். வாய்வரை வந்துவிட்டது.

"இல்லம்மா. அவர் அன்னிக்கு எழுந்திருக்கலன்னா உனக்குக் கெடைச்சே இருக்காது. எடம் மாத்திப் போட்டது நான். தப்பு என்னோடது. ஒரு வருசம் என்னாலதான் போச்சு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கீழே கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"அந்த வருசந்தான் மேடம் என் பொண்ணு படிப்ப நிறுத்தினேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வேலை பார்த்த வருடங்களைக் கோர்ட்டில் சொன்ன மாதிரியே சொன்னாள். "அவரு எங்க இருப்பாரு?"

ஜன்னல் வழியாகக் காட்டினேன். எதிரே கோர்ட் வாசலில், வேப்பமரத்தடியில், அந்த நேரத்துக்கு அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் படியிறங்கிச் சாலையைக் கடந்து போனாள். கார்க் கதவருகே நின்று ஏதோ பேசினாள். அவர் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து நின்றார். நான் மேலேயே நின்றேன். பேசி முடித்ததும் திரும்பி என் பக்கம் வருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்படியே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். வேலையில் சேர்ந்த அன்றைக்கு எனக்குப் போன் பண்ணுவதாக முன்பு சொல்லியிருந்தாள். பண்ணவில்லை.