இதயத்தின் ஓரத்தில் ஒரு கிளிப்

சந்தையில் அவளுக்கு 'வெடிச்சிரிப்பு' என்று பெயர். அவள் சிரித்தால் கடைசி வரிசைக் கடைக்காரரும் எட்டிப் பார்ப்பார். மீனைச் சுத்தம் செய்து வெட்டிக் கொடுப்பது தொழில்.

ஒருநாள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு தலை சுற்றியது. இதயத் துடிப்பு தாளம் தப்பியிருக்கிறது, இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும் என்று சொல்லி, உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். அது அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றுக்குள் இரத்தம் கசிந்து இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்தாள். விரலில் கீறல் பட்டாலே துணி நனைந்தது. பயந்துபோன கணவர் கத்தியை ஒளித்துவைத்தார். அவர் ஐஸ் லாரி டிரைவர்.

கடைசியில் இதய அறுவை மருத்துவரிடம் போனார்கள். அந்த அம்மா இதயத்தை வரைந்து, இடப்பக்க மேலறையின் ஓரத்தில் ஒரு சின்னப் பையைக் காட்டினார்.

"ரத்தம் பெரும்பாலும் இதுலதான் தேங்கி உறையுது. இதை அடைச்சிட்டா பக்கவாத பயம் நல்லாக் குறையும்."

"வெட்டி எறிஞ்சிடுங்க டாக்டரம்மா, நான் தினமும் அதானே செய்றேன்!"

மருத்துவர் சிரித்துவிட்டார். "தொடை ரத்தக்குழாய் வழியா போய் உள்ளேருந்து அடைக்கலாம். ஆனா அப்புறமும் கொஞ்ச மாசம் மாத்திரை வேணும், உங்க வயிறு தாங்காது. அதனால விலாவுல சின்னச் சின்ன ஓட்டை போட்டு, இதயத்துக்கு வெளியிலேருந்து அந்தப் பைக்கு கிளிப் மாட்டிடலாம். துடிப்பு தாளம் தப்பினபடிதான் இருக்கும், அதுக்கு வேற மருந்து."

"நெஞ்சைப் பிளக்க மாட்டீங்கல்ல?" என்று கேட்டார் கணவர்.

"மாட்டோம்."

"அப்ப மாட்டிடுங்க" என்றாள் அவள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. விலா வலியோடு படுத்திருந்தவளைப் பார்க்க, சந்தையிலிருந்து நேராக வந்தார் கணவர்.

"உன் இடத்துல இன்னிக்கு நான் உக்காந்தேன். நான் வெட்டினதைப் பாத்துட்டு ஒருத்தர், 'இது லாரில அடிபட்ட மீனா'ன்னு கேக்குறாரு."

"ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது!" தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் வெடித்தாள். வார்டே சேர்ந்து சிரித்தது. நர்ஸ் ஓடிவந்து கணவரை வெளியே அனுப்பினாள்.

சில மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். பை கச்சிதமாக மூடியிருந்தது. ஆபரேஷனோடு நிறுத்திய அந்த மாத்திரை இனி வேண்டாம் என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னார். திரும்பும் வழியில் ஏரியைப் பார்த்ததும், அவள் கணவரின் கையைப் பிடித்து இழுத்துப் பெடல் படகில் ஏற்றினாள்.

நடு ஏரியில் கணவர் கெஞ்சினார்: "மெதுவா மிதிம்மா, எனக்கு மூச்சு வாங்குது!"

"நீங்க சும்மா உக்காருங்க" என்று அவள் இன்னும் வேகமாக மிதித்தாள்.