மரப்பலகை சீட்டு பஸ்

டிக்கெட் விலையை சர்க்கார் நிர்ணயித்துவிட்டால், பஸ் கம்பெனிகள் அடித்துக்கொள்ள மிச்சமிருப்பது ஏறுகிற ஆட்கள்தான். கண்டக்டராக இருந்தவர்களுக்கு அந்தச் சண்டையில் கிழிந்த சட்டைகள் நினைவிருக்கும். எழுபதுகளில் தூத்துக்குடி - திருச்செந்தூர் ரோட்டில் நான் கண்டக்டர். எதிர் கம்பெனி பஸ்ஸில் மெத்தை சீட்டு, ரேடியோ. எங்களுடையதில் மரப்பலகை.

கூடைக்கு இடம்

எதிர் கம்பெனி மீன்கூடையை ஏற்றாது. கருப்பட்டி வியாபாரத்திலிருந்து பஸ்ஸுக்கு வந்தவர் எங்கள் முதலாளி. பின்சீட்டைக் கழற்றிவிட்டுக் கூடை வைக்க இடம் பண்ணினார். “நாத்தத்துக்குப் பயந்து மத்த ஆளும் ஏறாது” என்று நான் முனகினேன்.

முதல் நாள் மீன்கூடையோடு ஏறிய சூசம்மாக்கா, கூடை பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சேலை ஈரமாம். “பலகைதானம்மா, கழுவினாப் போச்சு. மேல உக்காரு” என்றார் கூடவே வந்திருந்த முதலாளி. ஜன்னலோரம் உட்கார்ந்தவள் பழையகாயல் வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது சொன்னாள்: “கல்யாணமானதுல இருந்து இந்த ரோட்ட நடந்தேதாம்ல பாத்திருக்கேன். உக்காந்து பாத்தா நல்லாத்தான் இருக்கு.”

முன்னால் போன பஸ்

எங்கள் ஆட்களை அள்ளுவதற்காகவே எதிர் கம்பெனி சற்று முன்னால் பஸ்ஸை விட்டது. ஒருநாள் காயல்பட்டினத்தில், பிரசவ வலி கண்ட பெண்ணோடு அவளைப் பெற்ற உம்மா கைகாட்டியும் அது நிற்கவில்லை. புருஷன் கொழும்பில். இருவரையும் நாங்கள் ஏற்றிக்கொண்டோம். “என்னலே செய்ய? வழியெல்லாம் ஆள் நிக்குமே” என்றார் டிரைவர் சுடலை அண்ணன். டிரங்குப் பெட்டியோடு தூத்துக்குடியில் மெட்ராஸ் ரயில் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவர் முந்திக்கொண்டார்: “எங்கயும் நிப்பாட்டாத. நேரா ஆஸ்பத்திரிக்கு விடு.”

விட்டோம். ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்றது. ரயிலுக்குப் போகிறவர் உட்பட ஒருவரும் கலையவில்லை. ரயில் போயே போய்விட்டது. கடைசியில் உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்: “பொம்புளப் புள்ள. ரெண்டு உசுரும் நல்லாருக்கு. பஸ்ஸுல உள்ள அத்தன பேருக்கும் சொல்லிரு வாப்பா.”

நாளைக்கும் வருமா?

இரண்டாவது பஸ் வாங்கியதும் திருநெல்வேலி ரூட்டுக்குப் போகலாம் என்றோம். முதலாளியோ உப்பளத்துப் பக்கம் பெர்மிட் வாங்கினார். கொஞ்ச நாளில் நின்றுபோகிற பஸ்தானே என்று யாரும் ஏறவில்லை. நானும் என் தோல்பையும் சும்மா போய்ச் சும்மா வந்தோம். உப்பு வாருகிற முத்துமாரி மட்டும் வெடித்த பாதங்களோடு ஏறுவாள், இறங்கும்போது தவறாமல் கேட்பாள்: “நாளைக்கும் வருமா?”

“நிறுத்திரலாம் முதலாளி” என்றேன். “அந்தப் புள்ள கேக்குத வரைக்கும் ஓட்டு” என்றார். மெல்ல மெல்ல அவளோடு நாலு பேர், பிறகு உப்பளமே ஏறியது. ஒரு சாயங்காலம் நெரிசலில் இறங்கிப் போனவள், பாதி வழியில் நின்று திரும்பிச் சிரித்தாள்: “அண்ணாச்சி, இன்னைக்குக் கேக்கவே மறந்துட்டேன்!”

இப்படியெல்லாம் நடத்தியும் எங்கள் கம்பெனி எப்படி நொடிக்காமல் வளர்ந்தது என்பதை, எதிர் கம்பெனிக்காரரைப் போலவே எங்கள் முதலாளியும் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.